சந்தையில் மாடு பிடிப்பது எப்படி: கிளம்புவதிலிருந்து கட்டுத்தரை சேரும்வரை

சந்தைக்குப் புதிதாக வருகிறவர் பிடித்த மாட்டைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன விலை?" கீழே உள்ள வரிசையில் அது ஒன்பதாவது வேலை. முதலிலேயே கேட்டுவிட்டால், கேட்டவர் அந்த மாட்டின் மேல் ஆசை வைத்துவிட்டார் என்று விற்பவருக்கும் தெரியும், சுற்றி நிற்கும் தரகர்களுக்கும் தெரியும். அதன் பிறகு பல்லைப் பிடித்துப் பார்த்தாலும் மடியைத் தொட்டுப் பார்த்தாலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இது கொங்குப் பகுதிச் சந்தைகளில் கறவை மாடு வாங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. உழவு மாடு, ஆடு வாங்குவதில் மாறுபடும் இடங்களையும், விற்க வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

1. எந்தச் சந்தை, எந்தப் பருவம்

வாரச் சந்தை வேறு, திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை வேறு. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும், ஈரோடு கருங்கல்பாளையத்திலும் புஞ்சை புளியம்பட்டியிலும் வியாழன், திருப்பூரை அடுத்த அமராவதிபாளையத்தில் திங்கள் என்று வாரச் சந்தைகள் கூடுகின்றன. இவற்றில் மாடு சில மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரையில் கூடும் சந்தையும், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையும் பல நாள் நடப்பவை. வளர்ப்பவர்களே மாட்டோடு வந்து தங்கியிருப்பார்கள். காலையில் பார்த்த மாட்டை மாலையில் மறுபடியும் போய்ப் பார்க்கலாம், மறுநாளும் பார்க்கலாம். காங்கேயம் மாடு தேடுகிறவர் வாரச் சந்தையில் அலைவதைவிடக் கண்ணபுரத்துக்குக் காத்திருப்பது நல்லது. கலப்பினக் கறவைதான் வேண்டும் என்றால் வாரச் சந்தை போதும்.

பொள்ளாச்சி போன்ற சந்தைகளில் பெரும்பகுதி மாடு கேரளத்துக்கு இறைச்சிக்குப் போவது. அங்கே கறவை மாடு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நுழைய வேண்டும். இல்லாவிட்டால் பால் வற்றி அடிமாட்டு விலைக்கு வந்த பசுவைக் கறவை என்று யாராவது காட்டுவார்கள்.

கோடையில் தீவனம் இல்லாமல் விற்க வருகிறவர்கள் அதிகம், விலையும் இறங்கும். மழை பெய்து புல் முளைத்ததும் விலை ஏறும். மலிவு என்பதற்காகக் கோடையில் வாங்குவதென்றால் வீட்டில் வைக்கோற்போரோ சோளத்தட்டோ இருக்க வேண்டும். விலைக்கு வாங்கிப் போடும் தீவனம் அந்த மலிவைச் சில வாரங்களில் தின்றுவிடும்.

2. கிளம்புமுன் தயாராக இருக்க வேண்டியவை

பால் கறக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். மாட்டைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்தவரைவிடக் காம்பைக் கையில் பிடித்துப் பழகியவர் மேல். வீட்டில் கறக்கப் போவது பெண்கள் என்றால் அவர்களில் ஒருவரை அழைத்துப் போங்கள். ஆண்கள் கூட்டம் என்று தயங்கி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான், அவர் கைக்கு அடங்காத மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

டார்ச் விளக்கு ஒன்று. வியாழன் சந்தைக்கு முதல் நாள் இரவே மாடுகள் இறங்கத் தொடங்கிவிடும், நல்ல மாடு பலபலவென்று விடிவதற்குள் கைமாறிவிடும்.

புதுத் தலைக்கயிறும் மூக்கணாங்கயிறும். விற்பவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவது பல ஊர்களில் வழக்கம். கயிற்றைக் கொடுத்தால் அதோடு வீட்டின் பால் பாக்கியமும் போய்விடும் என்ற நம்பிக்கை. கயிற்றுக் கடை சந்தைக்குள்ளேயே இருக்கும். ஆனால் விலை படிந்த பிறகு மாட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் கயிறு தேடி ஓடுவது நல்லதல்ல.

ஒரு வாளி, லிட்டர் அளவை, கருப்பு அல்லது அடர்நிறத் துணி ஒன்று. துணி எதற்கு என்பது ஏழாவது படியில் வரும்.

சந்தையில் பெரும்பாலும் ரொக்கம்தான். பணத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு பேரிடம் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் எடுத்த சீட்டும் கையில் இருக்கட்டும். தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருக்கும்போது ரூ.50,000-க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்து வைத்துக்கொள்ளும். தேர்தல் காலத்தில் சந்தைகள் மந்தமாவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

வீட்டில் மற்ற மாடுகளிடமிருந்து தள்ளி ஒரு கட்டுமிடமும் தயாராக இருக்க வேண்டும். வாங்கி வந்த பிறகு இடம் தேடினால், இருக்கிற மாட்டின் பக்கத்திலேயே கட்டுவதில்தான் போய் முடியும்.

3. முதல் ஒரு மணி நேரம் கயிற்றைத் தொடாதீர்கள்

உள்ளே நுழைந்ததும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மாட்டின் கயிற்றைத் தொடுவதும் முதுகைத் தட்டுவதும் சந்தையில் வாங்க வந்ததற்கான அடையாளம். தொட்டால் உடனே இரண்டு பேர் வந்து நிற்பார்கள். பார்வையோடு நிறுத்திக்கொண்டால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இந்த நேரத்தில் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு வரத்து அதிகமா குறைவா. நமக்கு வேண்டிய வகை மாடு என்ன விலைக்குப் போகிறது. விற்பவர் விவசாயியா வியாபாரியா. மூன்றாவதைக் கண்டுபிடிப்பது எளிது. விவசாயி ஒன்றிரண்டு மாட்டோடு, பெரும்பாலும் வீட்டு ஆள் ஒருவரோடு நிற்பார். மாடு அவர் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கும். வியாபாரியிடம் மாடுகள் வரிசையாக, கொம்பு சீவிப் பளபளப்பாக நிற்கும்.

விவசாயியிடம் வாங்குவதுதான் பத்திரம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. விவசாயிக்கு மாட்டின் கதை முழுக்கத் தெரியும், உண்மைதான். ஆனால் அவர் ஏன் விற்கிறார் என்ற கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்த மாட்டை விட்டுவிட வேண்டும். வியாபாரி அடுத்த வாரமும் இதே இடத்தில்தான் நிற்பார். பேர் கெடாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு உண்டு.

இன்னொன்று: ஒருவர் ஒரு மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் குறுக்கே போய்க் கேட்கக் கூடாது. அந்தப் பேச்சு முறிந்து அவர் நகர்ந்த பிறகுதான் போகலாம். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். மீறினால் அன்றைக்கு உங்களுக்கு யாரும் சரியாக மாடு காட்ட மாட்டார்கள்.

4. தரகரை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

சந்தைக்குப் புதியவர் தரகர் இல்லாமல் வாங்க முயல்வது வீண் பிடிவாதம். ஆனால் தரகரை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் உங்களைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊரில் மாடு வைத்திருப்பவர்களிடம் முன்பே விசாரித்து ஒரு பெயரோடு போங்கள்.

தரகு எவ்வளவு என்பதை மாட்டைப் பார்ப்பதற்கு முன் பேசிவிட வேண்டும். வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் அவர் வாங்குவார். அது ஊரறிந்த வழக்கம், அதில் ஒளிவுமறைவு இல்லை. விலை முடிந்த பிறகு தரகு பேசினால் மாட்டை ஏற்றுகிற அவசரத்தில் கேட்டதைக் கொடுக்க வேண்டிவரும்.

புதியவர்கள் இரண்டு விதத்தில் தடுமாறுகிறார்கள். ஒரு தரகர் காட்டிய மாட்டை அவருக்குத் தெரியாமல் விற்பவரிடம் நேராகப் போய்ப் பேசுவது ஒன்று. காட்டியவருக்குத் தரகு உண்டு என்பது சந்தை நியாயம், சண்டை வந்தால் கூட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். மற்றொன்று, கையில் இருக்கும் மொத்தத் தொகையையும் அவரிடம் சொல்லிவிடுவது. எத்தனை லிட்டர், எத்தனையாவது ஈத்து (எத்தனை முறை கன்று ஈன்றது), என்ன நிறம் என்று மாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். தொகையை அவர் கேட்டால் மனத்தில் இருப்பதைவிடக் குறைத்தே சொல்லுங்கள்.

5. நடக்க விட்டுப் பாருங்கள்

கட்டிய இடத்தில் நிற்கும் மாடு எதையும் காட்டாது. சாணியும் சேறும் குளம்பை மறைத்துவிடும். கயிற்றை அவிழ்த்துக் கெட்டியான தரையில் இருபது முப்பது அடி நடத்தச் சொல்லுங்கள். போகும்போது பின்னாலிருந்தும் வரும்போது முன்னாலிருந்தும் பாருங்கள். நொண்டலும் பின்காலின் ஆட்டமும் திரும்பும் இடத்தில்தான் தெரியும்.

மூக்கு ஈரமாக, சிறு சிறு துளி கட்டி இருக்க வேண்டும். காய்ந்த மூக்கு காய்ச்சலைக் காட்டும். எச்சில் நூல்போல வடிந்தாலோ குளம்பின் பிளவில் புண் இருந்தாலோ அது கோமாரியாக இருக்கலாம். அந்த மாட்டையும் விடுங்கள், அந்த வரிசையையும் விடுங்கள். கோமாரி வந்து ஆறிய மாடு பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் வெயிலில் நிறுத்தினால் நாய்போல மூச்சிரைக்கும். ஆகவே வெயில் ஏறிய பிறகும் ஒரு முறை போய்ப் பாருங்கள். தோலில் கழலைகளோ வட்ட வட்டமாக முடி உதிர்ந்த தழும்போ இருந்தால் தோல் கழலை நோய் வந்து போயிருக்கலாம்.

வால் பக்கம் உலர்ந்த கழிச்சல் கறை, கோழை கலந்த ஒழுக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விற்பனைக்குக் குளிப்பாட்டியிருந்தாலும் வாலின் உட்புறத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

6. பல் பிடித்துப் பாருங்கள்

வயதை வாய்ச்சொல்லில் நம்ப வேண்டியதில்லை. பல்லைத் திறந்து காட்டச் சொல்லி விற்பவரையோ தரகரையோ கேளுங்கள். பழக்கமில்லாதவர் தாமே முயன்றால் மாடு தலையை உதறும், விரலுக்கும் ஆபத்து. அவர் ஒரு கையால் மூக்குத் துவாரங்களைப் பிடித்துத் தலையைத் தூக்கி, மறு கையை வாயின் ஓரத்தில் பல் இல்லாத இடைவெளியில் நுழைத்து, கீழுதட்டைக் கட்டை விரலால் மடித்துக் காட்டுவார். இரண்டு மூன்று வினாடிதான் கிடைக்கும். டார்ச்சை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே எட்டு. பால் பல் சிறியது, வெள்ளை. நிலைப்பல் அகலமானது, சற்றே மஞ்சள். நடுவில் இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் இரண்டு பல் மாடு, வயது இரண்டு முதல் இரண்டரை. நாலு பல் என்றால் சுமார் மூன்று. ஆறு பல் மூன்றரை முதல் நாலு. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்பார்கள், நாலரை ஐந்து வயதுக்கு மேல். அதன் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு. பற்களுக்கு நடுவே சந்து விழுந்து முளைபோலக் குட்டையாக நின்றால் கிழமாடு.

கொம்பின் வளையத்தை எண்ணி வயது சொல்வதும் உண்டு. சந்தைக்கு வரும் கொம்பு அரம் போட்டுச் சீவியது, அதை நம்ப முடியாது.

கறவைக்கு இரண்டாம், மூன்றாம் ஈத்து நல்லது. தலையீத்து மாட்டின் குணமும் பால் அளவும் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் ஈத்துக்கு மேல் வாங்கினால் கறக்கும் நாளைவிட விற்க வேண்டிய நாள் பக்கத்தில் வந்துவிடும். சொல்கிற ஈத்தும் பல்லும் பொருந்த வேண்டும். எட்டுப் பல்லும் தேய்ந்த மாட்டை இரண்டாம் ஈத்து என்றால், நடுவில் நெடுநாள் சினை நிற்காமல் இருந்திருக்கிறது, அல்லது சொல்வது பொய்.

7. மடியும் பாலும்

புதியவர் அதிகம் ஏமாறுகிற இடம் இது. ஏமாற்றுவதற்கு மருந்தோ மாயமோ வேண்டாம், ஒரு வேளை கறக்காமல் விட்டாலே போதும். முந்தின நாள் மாலையில் கறக்காமல் கொண்டுவந்த மாட்டின் மடி பானைபோலத் திரண்டு, காம்பு விறைத்து நிற்கும். மாடு கால்களை அகட்டி நடக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பத்து லிட்டர் மாடு.

சந்தையில் கறந்து காட்டும் பாலை அளந்து மகிழக் கூடாது. அது எத்தனை மணி நேரத்துப் பால் என்று உங்களுக்குத் தெரியாது. சரியான வழி, ஒரு முறை சொட்டுச் சொட்டாக முழுக்கக் கறந்துவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கறந்து அளப்பது. திருவிழாச் சந்தையில் இதைச் செய்ய முடியும். பக்கத்து ஊர்க்காரரின் மாடு என்றால், அச்சாரம் கொடுத்துவிட்டு அவர் கட்டுத்தரைக்கே போய் மறுநாள் இரண்டு வேளையும் பார்க்கலாம். வாரச் சந்தையில் வழியில்லை. அங்கே அவர்கள் சொல்லும் லிட்டரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு விலை போடுவது என் வழக்கம்.

கறந்த பிறகுதான் மடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கறந்த மடி வெறும் பைபோலச் சுருங்கித் துவள வேண்டும். பால் போன பிறகும் அதே பருமனில் கெட்டியாக நின்றால் அது சதைமடி. உள்ளே கட்டி தட்டுப்பட்டால், ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால், மடிநோய்.

நாலு காம்பையும் தனித்தனியே பீய்ச்சிப் பாருங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் முதல் இரண்டு பீச்சைக் கருப்புத் துணியின் மேல் விடுங்கள். திரிதிரியாகவோ தயிர்க்கட்டிபோலவோ ஏதாவது தங்கினால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. வெள்ளைத் துண்டில் இது தெரியாது. மூன்று காம்பு மாடும் சந்தைக்கு வரும். சொல்லி விற்றால் விலை குறைத்து வாங்கலாம், நாலாவதை அவசரமாகத் தாண்டிப் போகிறவரைக் கவனியுங்கள்.

கறக்கும்போது பின்னங்காலை அணைத்துக் கட்டச் சொன்னால், கட்டாமல் கறந்து காட்டும்படி கேளுங்கள். உதைக்கிற மாட்டுக்கு மருந்து இல்லை. கன்றை ஊட்டவிடாமல், மடியைத் தடவாமல் திடீரென்று பால் இறங்கினால், பால் இறக்கும் ஊசி போட்டுப் பழக்கிய மாடாக இருக்கலாம். வீட்டில் ஊசி இல்லாமல் அது பால் விட மறுக்கும்.

அடுத்தது கன்று. தாய் அதை நக்குகிறதா, முகர்ந்து தள்ளுகிறதா? ஈன்று பத்து நாள் என்று சொல்கிற பசுவின் கீழ் ஒரு மாதக் கன்று நின்றால் இரண்டில் ஒன்று பொய். கிடாரி, அதாவது பெண் கன்று என்றால் விலை கூடும். அதனாலேயே இரவல் கிடாரியைச் சேர்த்துக் கட்டுவதும் நடக்கிறது.

சினை மாடு என்று சொன்னால், எத்தனை மாதம் என்பதைக் கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வயிற்றின் பருமனை வைத்து மாதம் சொல்வது அனுபவசாலிக்கே தவறும். மருத்துவர் பார்க்காவிட்டால் சினைக்கென்று தனி விலை கொடுக்காதீர்கள்.

8. சுழி

உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சுழியைப் பார்த்தே ஆக வேண்டும். சுழிக்கு விலை உண்டு.

கோபுரச் சுழி, லட்சுமி சுழி, ஏறுபூரான் சுழி எல்லாம் நல்லவை. இறங்குபூரான், விலங்குச் சுழி, பாடைச் சுழி, முக்கண் சுழி, குடைமேல் குடை, பெண்டிழந்தான் சுழி என்று பெயரைக் கேட்டாலே ஒதுங்க வைப்பவையும் உண்டு. முடி சுழன்று நிற்கும் இடத்தையும் திசையையும் வைத்து இந்தப் பெயர்கள். பாலுக்கும் சுழிக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

ஆகாத சுழி உள்ள நல்ல கறவை, அதே தரத்து மாட்டைவிட மலிவாகக் கிடைக்கும். நம்பிக்கை இல்லாதவருக்கு இது லாபம்போலத் தெரியும். நாளை நீங்கள் விற்கும்போதும் அதே கழிவு விழும் என்பதையும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாட்டுக்குப் பிறகு நடக்கும் ஒவ்வொரு கெட்டதுக்கும் அதுதான் காரணமாகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

9. இப்போது விலை

இங்கேதான் துண்டு வருகிறது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கையையும் விற்பவர் கையையும் மூடுவார். உள்ளே விரல் பேசும். வெளியே இருவரும் மழையைப் பற்றியோ கன்றைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஐந்தைப் பிடித்துவிட்டு மறுபடி ஒன்றைப் பிடித்தால் ஆறு. முதல் பிடி பத்தாயிரம், அடுத்த பிடி ஆயிரம். சந்தைக்குச் சந்தை நுணுக்கம் மாறும், அதனால் உங்கள் தரகரிடம் முன்பே ஒரு முறை கையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூடிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாட்டுக்கு நாற்பதாயிரம் வரை கேட்டுவிட்டு ஒருவர் போய்விட்டார் என்று வெளியே தெரிந்தால், அடுத்து வருபவர் முப்பத்தெட்டில்தான் தொடங்குவார். துண்டு மூடியிருந்தால் படியாத விலை அந்த இருவரோடு போய்விடும். விற்பவருக்கு மாட்டின் மதிப்புக் குறைவதில்லை, குறைத்துக் கேட்டவருக்கும் கூச்சமில்லை.

அதே மறைவு தரகருக்கும் உதவும். விற்பவர் கையில் ஒரு கணக்கும் உங்கள் கையில் ஒரு கணக்கும் பிடித்து, இடையில் இரண்டாயிரம் நிறுத்திவிடலாம். எனவே விலை படிந்ததும் துண்டை எடுத்துவிட்டு, மூவரும் நிற்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "அண்ணா, நாற்பத்திரண்டுதானே? நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று விற்பவரைப் பார்த்துக் கேட்பதில் யாருக்கும் குறையில்லை. இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் பணத்தை விடுகிறார்கள்.

முதல் கேட்பை எங்கே வைப்பது? மிகவும் தாழ்த்திக் கேட்டால் விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பிறகு அவர் இறங்குவது கடினம். மூன்றாவது படியில் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றைய விலையிலிருந்து, நீங்கள் கண்ட குறைகளுக்குக் கழித்து, அதற்கும் சற்றுக் கீழே தொடங்குங்கள். குறைகளைத் தரகரிடம் தனியாகச் சொல்லுங்கள். விற்பவர் முன்னால் நாலு பேர் கேட்க மாட்டைப் பழித்துப் பேசுவது மரியாதை இல்லை.

பேச்சு இழுபட்டால் தரகர் பணத்தை விற்பவர் கையில் திணிப்பார், அவர் வாங்க மறுத்து உதறுவார், மறுபடியும் திணிப்பார். பார்க்கச் சண்டைபோல இருக்கும். பயப்பட வேண்டாம், பாதி நாடகம். ஆனால் திணிப்பதற்கு உங்கள் பணத்தைக் கொடுத்தால், நீங்கள் மனத்தில் முடிவு செய்த தொகைக்கு மேல் ஒரு நோட்டுகூடக் கொடுக்காதீர்கள். அவர் கை மூடிவிட்டால் விலை திகைந்ததாகப் பொருள்.

10. அச்சாரம், கயிறு, சீட்டு

அச்சாரம் கொடுத்த பிறகு விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டார், நீங்களும் பின்வாங்க முடியாது. பின்வாங்கினால் அச்சாரம் போய்விடும். அதனால் நிபந்தனை ஏதாவது இருந்தால் அச்சாரத்துக்கு முன்பே, தரகர் சாட்சியாகச் சொல்லிவிட வேண்டும்: பால் இத்தனை லிட்டருக்குக் குறைந்தால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும், சினை இல்லாவிட்டால் மாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல. சொல்லாத நிபந்தனை சந்தையில் செல்லாது.

முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்த பிறகு விற்பவர் கயிற்றைக் கையில் பிடித்துக் கொடுப்பார். வலது கையால் வாங்குங்கள், சிலர் கிழக்கு பார்த்து நின்று வாங்கச் சொல்வார்கள். கன்றின் கயிறும் கூடவே வர வேண்டும். புதுக் கயிறு மாட்டிய பிறகே பழைய கயிற்றை அவிழ்க்க விடுங்கள். மாறி நடந்தால் மாடு கூட்டத்துக்குள் ஓடும்.

பிறகு சுங்கச் சீட்டு. சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். கட்டண விவரம் வாயிலில் எழுதியிருக்க வேண்டும், அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வழியில் சோதனை வந்தால் மாட்டை வாங்கியதற்கு அந்தச் சீட்டுதான் அத்தாட்சி. இதோடு ஒரு தாளில் விற்றவர் பெயர், ஊர், தொலைபேசி எண், மாட்டின் நிறம், தொகை, காதுவில்லையின் 12 இலக்க எண் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் போட்ட தடுப்பூசிகளையும் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பார்க்கலாம், பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றலாம்.

11. ஏற்றிச் செல்வது

வண்டியின் தரையில் மணலோ வைக்கோலோ பரப்பச் சொல்லுங்கள். வெறும் தகரத்தில் மாடு வழுக்கி விழுந்தால் பின்கால் போய்விடும். கன்றைத் தாயின் கண்ணில் படுகிறபடி, ஆனால் மிதிபடாதபடி தடுத்துக் கட்டுங்கள். மடி நிறையப் பாலோடு ஏற்ற வேண்டாம், பாதியாவது கறந்துவிடுங்கள்.

1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, பயணத்துக்குத் தகுதியானவை என்று மருத்துவர் சான்றும் வேண்டும். வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அறிமுகமில்லாதவரின் மாடுகளோடு சேர்த்து ஏற்றுவதைத் தவிருங்கள். வாடகை மிச்சமாகும், நோய் கூடவே வரும்.

12. வீட்டில் முதல் மூன்று வாரம்

வாசலில் மஞ்சள் குங்குமம் வைத்து ஆரத்தி எடுத்த கையோடு மாட்டை நேராகத் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஆரத்தி எடுங்கள், ஆனால் தனியிடத்தில் கட்டுங்கள். கோமாரி உள்ளே இருந்தால் வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகும். மூன்று வாரம் தனியாக, தனி வாளி, தனித் தொட்டி. வீட்டு மாடுகளைக் கறந்து முடித்த பிறகே இதைக் கறக்க வேண்டும்.

வந்த அன்று தண்ணீரும் காய்ந்த தட்டும் போதும். நல்ல பால் வேண்டும் என்ற ஆசையில் முதல் நாளே புண்ணாக்கும் தவிடும் அள்ளி வைத்தால் வயிறு உப்பும். பழைய இடத்தில் என்ன தின்றது என்று விற்றவரிடம் கேட்டு வந்து, அதிலிருந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். முதல் சில நாள் பால் குறையும். இடம் மாறிய மாடு அப்படித்தான், அதற்காக விற்றவருக்குத் தொலைபேசி செய்து சண்டை போட வேண்டாம். பத்து நாளுக்குப் பிறகும் ஏறாவிட்டால் அப்போது பேசுங்கள்.

காப்பீடு செய்வதென்றால் இந்த மூன்று வாரத்துக்குள் விசாரித்துவிடுங்கள். காதுவில்லை விழுந்துவிட்டால் இழப்பீடு கேட்பது சிக்கல், விழுந்த அன்றே மருந்தகத்தில் சொல்லி வேறு போட வேண்டும்.

13. உழவு மாடும் ஆடும் வாங்குகிறவர்களுக்கு

உழவு மாட்டில் பல்லுக்கு அடுத்தது கழுத்து. நுகத்தடி அழுத்தும் இடத்தில் ஆறாத புண்ணோ காய்த்த தழும்போ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஜோடியில் எது வலம், எது இடம் என்று கேட்டு அப்படியே பூட்டிப் பாருங்கள். மாற்றிப் பூட்டினால் பழகிய மாடும் முரண்டும். வெறும் வண்டியை எல்லா மாடும் இழுக்கும். நாலு பேரை ஏற்றி, மேட்டில் இழுக்க வைத்தால்தான் சண்டி மாடு படுத்துக் காட்டும்.

ஆட்டுக்குச் சனிக்கிழமை எட்டயபுரம் போல வேறு சந்தைகள் உண்டு. பல இடங்களில் தராசு இல்லை, கண் மதிப்புதான். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறி. வளர்க்க வாங்குகிறவர் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடித்திருக்கிறது. தீபாவளி, பக்ரீத்துக்கு முன்னால் விலை உச்சத்தில் நிற்கும். புரட்டாசியில் பலர் கறி தின்பதில்லை, வளர்ப்புக்கு வாங்க அந்த மாதம் தோதானது.

14. விற்க வருகிறவருக்கு

கடைசி விலையை வீட்டிலேயே, வீட்டு ஆட்களோடு பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள். சந்தையில் நேரம் ஏற ஏறத் திரும்பிப் போகும் வண்டி வாடகை மனத்தை அரிக்கும். அதையும் சேர்த்துத்தான் தரகர் விலையைக் குறைப்பார். வெள்ளிக்கிழமை மாட்டைப் படி இறக்காத வீடுகள் உண்டு, அந்த வழக்கம் இருந்தால் அதற்கேற்ற சந்தையைப் பாருங்கள்.

குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். உதைக்கும், ஒரு காம்பில் பால் குறைவு, இந்தச் சுழி இருக்கிறது என்று முன்பே சொன்னால் ஆயிரமோ இரண்டாயிரமோ குறையும். சொல்லாமல் விற்றால், வாங்கியவர் அடுத்த வாரம் நாலு ஆட்களோடு உங்கள் வாசலுக்கு வருவார்.

பணத்தைக் கயிறு கொடுப்பதற்கு முன் வெளிச்சத்தில் நின்று எண்ணுங்கள். கள்ளநோட்டு விடியற்காலை இருட்டில்தான் கைமாறும். மீதியை வண்டியில் ஏற்றும்போது தருகிறேன் என்பவரிடம் கயிற்றை விடாதீர்கள், மாடு வண்டியில் ஏறிய பிறகு அந்த மீதிக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.